நகரும் பனோரமா பெட்டி: துணி தொய்கிறது, மேலே ஏறுகிறது. என்ன செய்யலாம்?

தேங்காய்த்திட்டு
வணக்கம். புதுச்சேரியில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக விக்டோரியா காலத்து நகரும் பனோரமா ஒன்று செய்கிறோம். நீளத் துணியில் வரைந்த காட்சி ஒரு குழாயிலிருந்து மறு குழாய்க்குச் சுருண்டு ஓடும். கப்பலில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியும் கரைதான் காட்சி. ஆண்டு 1890. தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையில் தொடங்கி, தென்பெண்ணை முகத்துவாரம், அரியாங்குப்பம் ஆறு, கடலுக்குள் நீளும் புதுச்சேரிப் பாலம், கலங்கரை விளக்கம் என்று வடக்கே போகும்.

காடாத் துணி 12 மீட்டர் நீளம், 45 செ.மீ. உயரம். பார்வைத் திறப்பு 90 செ.மீ. அகலம். இரு பக்கமும் ஒன்றரை அங்குல பிவிசி குழாய் நிற்கிறது, வெளிவிட்டம் 48 மி.மீ. கையால் சுற்றுகிறோம்.

துணி நடுவில் தொய்கிறது. பாதி ஓடியதும் மேலே ஏறிச் சட்டத்தில் உரசுகிறது. தொடக்கத்தில் மெதுவாகவும் முடிவில் வேகமாகவும் ஓடுகிறது. மோட்டார் போட்டால் சரியாகுமா?

மஞ்சக்குப்பம் பட்டறை
மோட்டார் வேண்டாங்க. மோட்டார் ஒரே சீராகச் சுற்றும், ஆனால் சுருளின் விட்டம் மாறிக்கொண்டே இருக்குமே. சாயம் பூசிய காடா அரை மி.மீ. கனம் என்று வைத்தால், 12 மீட்டரும் சுற்றியபின் உங்கள் 48 மி.மீ. குழாய் 100 மி.மீ. ஆகிவிடும். முதல் சுற்றுக்கு 15 செ.மீ. துணி வரும், கடைசிச் சுற்றுக்கு 31 செ.மீ. வரும். வேகம் இரட்டிப்பாவது அதனால்தான்.

கழிவுநீர்க் குழாய் 110 மி.மீ. வாங்குங்கள். அதில் முழுச் சுருள் 140 மி.மீ. தான் வரும், வேகம் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடும். அதைக் கையிலேயே சமாளிக்கலாம். பெட்டியின் ஆழத்தை மட்டும் 20 செ.மீ. ஆக்க வேண்டியிருக்கும்.

மேலே ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் விளிம்புத் தையல். மேல் விளிம்பை மட்டும் மடித்துத் தைத்திருந்தால் அங்கே கனம் கூடி, சுருள் கூம்பாகிவிடும். கூம்பு துணியை ஒரு பக்கம் இழுக்கும். மடிப்பைப் பிரித்துவிட்டு, மேலும் கீழும் ஒரே அளவு மெல்லிய நாடா தையுங்கள். குழாய்கள் இணையாக நிற்கின்றனவா என்றும் பாருங்கள். சட்டத்தின் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருக்கணும். 2 மி.மீ. வித்தியாசமே துணியை நகர்த்திவிடும்.

தொய்வுக்கு: துணியை விடும் குழாய்க்குப் பிரேக் வேண்டும். கித்தான் நாடாவை அரைச்சுற்று சுற்றி, ஒரு நுனியைச் சட்டத்தில் அடித்து, மறு நுனியில் 200 கிராம் எடை தொங்கவிடுங்கள். சைக்கிள் டியூப் போடாதீர்கள், பிடித்துப் பிடித்து விட்டுக் காட்சி குலுங்கும். திறப்பின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மெல்லிய அலுமினியக் கம்பியை நட்டு, துணியை அதன் மேல் ஓடவிடுங்கள். சுருள் பருத்தாலும் இளைத்தாலும் படம் ஒரே தளத்தில் நிற்கும்.

90 செ.மீ. அகலத்துக்கு இது போதும். பெரிய மேடையானால் மேல் விளிம்பைத் தாங்கவே தனி ஏற்பாடு வேண்டும். மிசிசிப்பி ஆற்றுப் பனோரமா காட்டிய ஜான் பான்வார்டும் அதற்கெனத் தனிப் பொறி அமைத்தார். 'மூன்று மைல் ஓவியம்' என்று விளம்பரம். உண்மையில் அரை மைல் அளவுதான். அதுவே எவ்வளவு பாரம்!

வண்ணக்கலவை
கடற்கரை ஈரத்தில் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. அக்ரிலிக் கெட்டியாகப் பூசிய துணியைச் சுருட்டி வைத்தால் சாயம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உரியும். நீர்க்க இரண்டு பூச்சு போதும். ஒரு வாரம் காயவிட்டு, டால்கம் பவுடர் தூவித் துடைத்துவிட்டுச் சுற்றுங்கள். போஸ்டர் கலர் பொடியாக உதிரும், வேண்டாம். கஞ்சி போட்டால் பூச்சி வரும்.

பழைய துறைமுகம்
சுருளைப் பற்றி எல்லாம் வந்துவிட்டது. பயண உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். ராபர்ட் பார்க்கர் 1787இல் காப்புரிமை பெற்ற முதல் பனோரமா நகரவே இல்லை. அது வட்டச் சுவரில் மாட்டிய ஓவியம். 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே கட்டடம் எழுந்தது. பார்வையாளரை இருட்டுப் பாதை வழியாக நடுமேடைக்கு ஏற்றினார்கள். தலைக்கு மேல் விதானம் ஓவியத்தின் மேல் விளிம்பை மறைத்தது. படம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகவே, ஊருக்கு நடுவில் நிற்பதாகத் தோன்றியது.

நீங்களும் அதைச் செய்யலாம். துணிக்கு 15 செ.மீ. முன்னால் கறுப்பு அட்டை முகப்பு வையுங்கள். அதில் திறப்பின் உயரம் 37 செ.மீ. போதும், துணியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தெரியக்கூடாது.

முகப்புக்கும் துணிக்கும் நடுவில் அலை வரைந்த தாழ்வான இரண்டாவது பட்டையைத் தனிக் கைப்பிடியில் வேகமாக ஓட்டுங்கள். 1900 பாரிஸ் கண்காட்சியின் டிரான்ஸ்-சைபீரிய ரயில் பனோரமாவில் நான்கு அடுக்குகள். ஜன்னலோரம் மணலும் கல்லும் நிமிடத்துக்கு 300 மீட்டர் ஓடின, அடுத்தவை 120, 40, தூரத்து மலைகள் வெறும் 5. உங்களுக்கு இரண்டு அடுக்கே போதும்.

இரண்டு தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள். கடலிலிருந்து மேற்கே பார்க்கிறோம், வடக்கு நம் வலப்பக்கம். புதுக் காட்சி வலமிருந்து வரவேண்டும், சேர்க்கும் குழாய் இடப்பக்கம். மாற்றிச் சுற்றினால் கப்பல் பின்னோக்கிப் போகும். அடுத்தது, கரைக்குப் பின்னால் சூரிய உதயம் வரையாதீர்கள். இந்தக் கரையில் தென்னைக்குப் பின்னால் சூரியன் மறையத்தான் செய்யும்.

அந்த அந்தியை விளக்கால் காட்டலாம். பிரெஞ்சு ஓவியர் டாகெர் 1822இல் பாரிஸில் தொடங்கிய டயோராமா என்ற ஓவியக் காட்சி, மெல்லிய துணியில் முன் ஒளியைக் குறைத்து, பின் ஒளியைக் கூட்டிப் பகலை இரவாக்கியது. காடா இதற்குத் தடிமன். கடைசி 2 மீட்டரை மட்டும் மல் துணியில் வரைந்து, கட்டடங்களின் பின்பக்கம் கறுப்பு பூசுங்கள். 1836இல் ஏற்றிய கலங்கரை விளக்கின் உச்சியில் ஊசியால் ஒரே ஒரு துளை. பின்னால் 12 வோல்ட் எல்இடி பட்டை. பழைய பல்பு வைத்தால் துணி சூடேறும்.

தேங்காய்த்திட்டு
மிக்க நன்றி. எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம் ஓட்ட வேண்டும். முடியுமா?

மஞ்சக்குப்பம் பட்டறை
110 மி.மீ. குழாயில் சுமார் 31 சுற்று. ஆறு இடத்தில் 40 விநாடி நிறுத்திக் கதை சொல்லுங்கள், நான்கு நிமிடம் ஆகிவிடும். மீதி நான்கு நிமிடத்தில் ஒரு சுற்றுக்கு 8 விநாடி. இரு முனையிலும் ஒரு மீட்டர் வெற்றுத் துணியைச் சேர்த்துத் தையுங்கள், இல்லாவிட்டால் கோட்டை திறப்புக்குள் வந்து சேராது.