பொருள்: ‘கேம் டிசைன் டாக்குமென்ட்’ – ‘ஆட்ட வரைவேடு’ சரிப்படுமா?

அன்புடையீர்,

தனி ஆளாகவோ மூன்று நான்கு பேராகவோ வீடியோ கேம் செய்வோர், ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கேம் டிசைன் டாக்குமென்டுக்கு (ஜி.டி.டி.) ‘விளையாட்டு வடிவமைப்பு ஆவணம்’ என்கிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ‘ஆவணம்’தான் உறுத்துகிறது. பத்திரப்பதிவு வாசனை அடிக்கும் சொல். பதிந்தபின் அடித்தல் திருத்தல் கூடாது. ஜி.டி.டி.யோ அடிக்கடி திருத்தாவிட்டால் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஆங்கிலத்திலும் இந்த வம்பு உண்டு. ஐடி சாப்ட்வேர் என்ற கேம் நிறுவனத்தில் 1992 இறுதியில் டாம் ஹால் ‘டூம்’ ஆட்டத்துக்காக எழுதிய திட்டத்துக்கு ‘டூம் பைபிள்’ என்றே பெயர். கதை, பாத்திரங்கள் எல்லாம் விரிவாக இருந்தன. பெரும்பகுதி கைவிடப்பட்டது, 1993இல் ஹால் விலகினார், அந்த டிசம்பரில் ஆட்டம் வெளிவந்தது. வேதம் என்று பேர் வைத்தால் யார் பேனாவை எடுப்பார்?

‘ஆட்ட வரைவேடு’ என்கிறேன். வரைவு + ஏடு. குறிப்பேடு, கையேடு வரிசை.

---

> வரைவு + ஏடு

ஐயா, காதில் விழும்போது பிள்ளைகளின் டிராயிங் நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. தவிர, வரைவு என்றால் பின்னால் இறுதி வடிவம் ஒன்று வரவேண்டும். இங்கே அது எது? குதிக்கும் உயரம், எதிரியின் வேகம் போன்ற எண்களும் இதில்தானே இருக்கும்? ‘ஆட்டப் பேரேடு’ எனலாமே.

---

> இங்கே அது எது?

வெளிவரும் ஆட்டம்தான்.

> எண்களும் இதில்தானே

இருக்கக் கூடாது. நாயகன் 3 கட்டம் குதிப்பான் என்று ஏட்டில் இருக்கிறது. அதை நம்பி லெவல் அமைப்பவர் 4 கட்டச் சுவரைத் தடுப்பாக வைக்கிறார். குதிப்பு மந்தமாக இருக்கிறதென்று நிரலர் நிரலில் 4 ஆக்குகிறார், ஏட்டைத் தொடவில்லை. சாவி எடுக்காமலேயே சுவரேறி அடுத்த அறைக்குப் போய்விடலாம். அதனால் எண் ஓரிடத்தில் மட்டும், ஆட்டம் நேரே படிக்கிற ஜேசான் (JSON) என்ற தரவுக் கோப்பில். ஏட்டில் காரணம் மட்டும்: ‘சாவியில்லாமல் தடுப்பைத் தாண்டக் கூடாது.’ விளிம்பை விட்டு நகர்ந்த பின்னும் குதிக்க விடும் சலுகையும் இப்படித்தான். 6 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்), நொடிக்கு 60 என்றால் 0.1 நொடி, என்பது கோப்பில். ‘பட்டனை அழுத்தியும் குதிக்கவில்லை என்று ஆடுபவர் எரிச்சல்படக் கூடாது’ என்பது ஏட்டில். கணக்கு எழுதாத ஏட்டைப் பேரேடு என்பானேன்?

டிராயிங் நோட்டு எனக்குக் குறையாகப் படவில்லை. கேம் வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்ட் 2010 கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் விளக்கிய ஒற்றைப் பக்க முறையில் படம்தான் நடுநாயகம்: மேலே தலைப்பும் தேதியும், நடுவே பெரிய படம், சுற்றிலும் சிறு குறிப்புகள். தேதி போடாவிட்டால் சுவரில் ஒட்டிய தாள் பழையதா புதியதா என்றே தெரியாது. ஏடு ஒற்றை ஓலையையும் குறிக்கும். அந்த ஒரு பக்கத்துக்கும் சொல் பொருந்துகிறது.

‘ஆட்டம்’தான் இடிக்கிறது, கரகாட்டக்காரர்களும் உரிமை கோருவார்கள். முதன்முதலில் வரும் இடத்தில் ‘நிகழ்பட ஆட்ட வரைவேடு’, அப்புறம் வெறும் ‘வரைவேடு’ என்று கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.