பாட்டியின் தறியைப் பிரிக்கும்முன் என்ன செய்யவேண்டும்?

கேள்வி: பேத்தி
பாட்டியின் மிதிதறி இருபது ஆண்டுகளாகப் பின்னறையில் நிற்கிறது. அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். தறியைப் பிரித்து, மணல்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசி வைக்க நினைக்கிறேன். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளில், ஒரு முழம் துணி பாதி நெய்தபடி நிற்கிறது, அதை அறுத்துவிடலாமா? ஒரு காலின் அடியில் மரத்தூள் கொட்டியிருக்கிறது. தறியின் வயதை அறிய வழி உண்டா?

பதில்: ஊடை
அறுக்காதீர்கள் அம்மா. இழைகள் மாறி மாறிக் குறுக்கிடும் இடத்தில் இரண்டு குச்சிகளைச் செருகிக் கட்டுங்கள். பிறகு பாவைத் தளர்த்தி, அச்சையும் (நெய்த இழையை அடித்து நெருக்கும் சீப்பு) விழுதுகளையும் (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் நூல் கண்ணிகள்) இழைகளோடு சேர்த்தே பருத்தித் துணியில் சுற்றுங்கள். எந்த இழை எந்த விழுதில் நுழைகிறது என்பதுதான் பாட்டியின் கணக்கு. அறுத்தால் அது போய்விடும்.

மணல்தாளும் வேண்டாம். கை பட்டு வழுவழுப்பான இடமும் கால் பட்டுக் குழிந்த மிதியும் அவர் உட்கார்ந்து நெய்த விதத்தைக் காட்டுகின்றன. தூசியை மென்மையான தூரிகையால் துடைத்தாலே போதும். பிரிக்கும்முன் நான்கு பக்கமும் படமெடுத்து, ஒவ்வொரு மூட்டிலும் எண் எழுதிய சீட்டை நூலால் கட்டுங்கள். மரத்தில் எழுதவேண்டாம்.

வயதுக்கு, அச்சைத் தாங்கி ஆடும் சட்டத்தைப் பாருங்கள். இரு முனையிலும் நாடா (குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் மரத்துண்டு) தங்கும் பெட்டியும் இழுகயிறும் இருந்தால் அது விசைநாடா அமைப்பு, கயிற்றை இழுத்தால் நாடா ஓடும். இங்கிலாந்துக்காரர் ஜான் கே 1733இல் காப்புரிமை பெற்றது. அதற்கு முன் நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் பிடித்தார்கள். கை எட்டும் அகலம்தான் துணியின் அகலம். அகலத் துணிக்கு ஒரே தறியில் இருவர் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் பெட்டியை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். பழைய கைநாடாத் தறிகள் பலவற்றில் பின்னாளில் பெட்டி பொருத்தினார்கள். ஆணித்துளையையும் மரத்தின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில்: மரப்புழு
தூள் பழையதா என்று முதலில் பாருங்கள். கூட்டிவிட்டு அடியில் கறுப்புத்தாள் விரியுங்கள். சில வாரங்களில் புதுத்தூள் விழுந்தால் புழு உயிரோடிருக்கிறது. நாடா, தார்க்குச்சி (நாடாவுக்குள் நூல் சுற்றிவைக்கும் குச்சி) போன்ற சிறிய மரப்பொருள்களை நெகிழிப் பையில் காற்றுப்புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைக்கலாம். பெரிய சட்டங்களை மரப்பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். புது வீட்டில் வெயில் விழும் சுவரோரம் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும்.

பேத்தி
நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டி வேறு மரம், ஆணியும் புதியது. இடது மிதி வலதைவிட ஒரு விரலளவு ஆழமாகக் குழிந்திருக்கிறது. பாட்டி இடதுகாலைத்தான் அழுத்தி மிதித்தார் என்று அம்மா சொல்கிறார். வார்னிஷ் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கறுப்புத்தாள் இன்று காலை விரித்தாயிற்று.