புதுப்பிப்பு: மண்ணீரல் தமனி வீக்கம் 2.6 செ.மீ. – உலோகச் சுருள் (காயில்) வைத்து அடைத்தாச்சு

யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. முன்பு நான் கேட்டது இதுதான்: நெல்லைப் பக்கத்துப் பெண்மணி, மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் நடுவில் வீக்கம் (குழாய்ச் சுவர் பலூன் போல உப்பியிருப்பது), வயிற்றைத் திறக்கணுமா, ஸ்டென்ட்டா (தமனிக்குள் வைக்கும் வலைக்குழாய்), காயிலா?

உறை போட்ட ஸ்டென்ட் ஒத்துவரவில்லை. தமனி அவ்வளவு வளைவு. ஸ்டென்ட்டைக் கொண்டுபோகும் விறைப்பான குழாய் திரும்பவே இல்லை. யோசனை சொன்னவர்களில் தூத்துக்குடி அண்ணாச்சி சொன்னதுதான் பலித்தது: தொடைத் தமனி வழியே மைக்ரோ கதீட்டரை (மிக மெல்லிய குழாயை) வீக்கத்தைத் தாண்டிக் கொண்டுபோய், முதலில் ரத்தம் வெளியேறும் பக்கத்தை அடைத்து, பிறகு நுழையும் பக்கம். நுழையும் பக்கத்தை மட்டும் அடைத்தால் மண்ணீரல் பக்கமிருந்து ரத்தம் பின்னோக்கி வந்து வீக்கத்தை நிரப்பும். இரண்டு பக்கமும் அடைத்த பிறகும் மண்ணீரலுக்கு இரைப்பையின் குட்டித் தமனிகள் ரத்தம் தந்துவிடுகின்றன.

எதிர்பாராதது: காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழ் வலி. ஸ்கேனில் மண்ணீரல் மேல்முனையில் சின்னத் திசுச்சேதம், சீழ் இல்லை. பாராசிட்டமாலில் அடங்கியது.

அடுத்த சோதனைக்கு சி.டி. சரிப்படாது, காயிலின் உலோகம் படத்தைக் கெடுக்கும். காயில் காந்தம் இழுக்காத பிளாட்டினம் என்பதால் எம்.ஆர். ஆஞ்சியோ (காந்தப்புலத்தால் ரத்தக்குழாயைப் படமெடுப்பது) எடுத்தோம், வீக்கத்துக்குள் ரத்த ஓட்டம் இல்லை.