மறுமொழி: ‘ஹக்குல் இபாத்’ – மனித உரிமையா, வேறு சொல்லா?

அண்ணாச்சி,

ஒரு மனிதர் மற்றவருக்குத் தர வேண்டியதைக் குறிக்கும் ‘ஹக்குல் இபாத்’ என்ற அரபுச் சொல்லை (‘இபாத்’ என்றால் இறைவனின் அடியார்கள்) தமிழில் ‘மனித உரிமை’ என்று சொல்லலாமா என்பதுதானே கேள்வி. எனக்கு ஒப்பவில்லை. இஸ்லாமிய நாடுகள் வெளியிட்ட 1990 கெய்ரோ மனித உரிமைப் பிரகடனத்தின் அரபுத் தலைப்பில் இருப்பது ‘ஹுகூகுல் இன்சான்’ (மனிதனின் உரிமைகள்). 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தோடு பேச வந்த இக்காலச் சேர்க்கை அது. அதற்கு மனித உரிமை பொருந்தும். ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) நூல்களின் ஹக்குல் இபாத் வேறு.

எங்கள் மேலப்பாளையத்தில் ஜனாஸாத் தொழுகைக்கு (இறந்தவருக்கான தொழுகைக்கு) முன் மகனோ தம்பியோ எழுந்து, “மையித்து யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள்” என்று அறிவிப்பார். என் வாப்பாவுக்கு நான்தான் அறிவித்தேன். அடக்கம் முடிந்ததும் மையவாடி வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். “பீடி இலை வாங்கிய வகையில் நானூறு ரூபாய் நிற்கிறது. ஹலாலாக்கிவிட்டேன்” என்றார், அதாவது அந்தக் கடனை விட்டுக்கொடுத்தார். இதுதான் ஹக்குல் இபாத். கொடுத்தவர் விட்டுக்கொடுத்தால்தான் மன்னிப்பு உண்டு. ஷஹீதுக்குக்கூட (இறைவழியில் உயிர்நீத்தவருக்குக்கூட) கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்கிறது ஹதீஸ் (நபிமொழி).

இதே கேள்விக்குத் தென்காசித் தம்பி எழுதிய ‘அடியார் கடன்’ அழகான சொல். ஆனால் அது வாங்கியவன் பக்கம் மட்டுமே நிற்கிறது. ‘உரிமை’ கொடுத்தவன் பக்கம் மட்டும். அரபியில் ‘ஹக்கு’ இரண்டு பக்கமும் போகும். ‘லஹு’ சேர்ந்தால் அவனுக்கு வர வேண்டியது, ‘அலைஹி’ சேர்ந்தால் அவன் தர வேண்டியது.

நம் பழைய பத்திரங்களில் அப்படி ஒரு சொல் இருக்கிறது: பாத்தியம். ‘எனக்குப் பாத்தியப்பட்ட வீடு’ என்றால் உரிமை. ‘கடனுக்குப் பாத்தியப்பட்டவன்’ என்றால் பொறுப்பு. வடமொழி வேர் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஹக்குல்லாஹ்வுக்கு (இறைவனுக்குரியதற்கு) ‘இறைப் பாத்தியம்’, ஹக்குல் இபாதுக்கு ‘அடியார் பாத்தியம்’.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “கொலையில் அடியார் பாத்தியம் மேலோங்குவதால் வாரிசுகள் பழிக்குப் பழியை விட்டுக்கொடுக்கலாம், திருட்டு வழக்கு காஜியிடம் (நீதிபதியிடம்) போனபின் தண்டனை இறைப் பாத்தியம், பொருளுக்கு உடையவன் விட்டுக்கொடுத்தாலும் தண்டனை விலகாது.” இடறவில்லை. ‘உரிமை’யை வைத்து இதையே எழுதிப் பாருங்கள், “இறைவனின் உரிமை” என்ற இடத்தில் பேனா நின்றுவிடும்.

*

தம்பி,

பாத்தியம் சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான். ஆனால் ‘அடியார்’ என்றதும் நெல்லையப்பர் கோவில் அறுபத்துமூவர் வரிசைதான் என் கண்முன் வருகிறது. ‘மாந்தர் பாத்தியம்’ ஆகாதா? இல்லை, ‘இபாத்’தில் உள்ள அடிமைப் பொருளை விட முடியாது என்பீர்களா?