பள்ளிப் பைக்குள் இருந்த ட்யூப்

போன சித்திரையில் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்து இலையில் இருந்த பெரியம்மா என் மகளைப் பார்த்து, "அம்மா நல்ல கலரு, இவ அப்படியே அப்பா கலரு" என்றார். அவளுக்கு அப்போது 14 வயது. தலையைக் குனிந்துகொண்டு பாயசத்தைக் குடித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஆடி மாதம் வாக்கில் அவள் கன்னம் வெயில் பட்டாலே சிவந்து எரிய ஆரம்பித்தது. காதோரம் பூனைமுடி அடர்ந்திருந்தது. பள்ளிப் பையைத் துழாவினால் ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் முகம் வெளுக்கப் பூசும் ஒரு க்ரீம் ட்யூப், கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, வால் பக்கம் சுருட்டி வைத்திருந்தாள். மருந்துக் கடையில் கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம்.

தோல் டாக்டர் ட்யூபைத் திருப்பி அதில் போட்டிருந்த சிவப்புக் கோடு ஒன்றைக் காட்டினார். மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின் மூன்றும் கலந்தது, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது என்றார். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் வெளுத்த மாதிரி தெரியும், அப்புறம் தோல் மெலிந்துபோகும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். அதனால் வீட்டில் இப்படி ஒரு ட்யூப் கிடைத்தால் பிள்ளையைத் திட்டாமல் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அவளாகப் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது. எதிரே உட்காரவைத்துக் கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்லம்மா"தான். முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் சொல்ல வந்ததோ என்னவோ.

"ஃபேர் அண்ட் லவ்லிக்கு 2020-ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேர் மாத்திட்டாங்களாம். ஆளுங்க மாறலையேம்மா."

அந்தப் பெரியம்மாவை நினைத்து, "அவங்க கிடக்கிறாங்க விடு" என்றேன்.

"நீயும்தானே சொல்லுவ, வெயில்ல ஆடாத, கருத்துப்போயிடுவேன்னு. அதான் கோ கோவை விட்டேன்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. படிப்புச் சுமையால்தான் விளையாட்டை விட்டாள் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா சொன்னது தப்புடா" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை, "இந்தப் பக்கம் இன்னும் தேய்ம்மா" என்றாள்.

இப்போது மறுபடி கோ கோவுக்குப் போகிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சன்ஸ்கிரீனை முதல் நாள் பூசிவிட்டபோது, "இது வெள்ளையாக்கவாம்மா?" என்று கேட்டாள்.

"எரியாம இருக்கடா."

"சரி, கழுத்துக்கும் போடு."