மௌஸா, மவுஸா? மென்பொருள் கையேட்டில் எழுத்து ஒழுங்கு

லாஸ்பேட்டையிலிருந்து:
கையேடு முழுக்க 'பைல்' என்பதைக் 'கோப்பு' ஆக்க, எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றினால் முதலில் அடிபடுவது 'மொபைல்'. அது 'மொகோப்பு' ஆகிவிடும். 'பைலை', 'பைலில்' இரண்டும் அசையாமல் அப்படியே நிற்கும். வேற்றுமை உருபு ஏறியதும் 'ல்' புள்ளியை இழந்துவிடுகிறது, தேடிய எழுத்து அங்கே இல்லை. புள்ளி இல்லாமல் 'பைல' என்று தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். 'கோப்பை' என்று வருகிற இடங்களையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள், டீக்கடை ஞாபகம் வரக்கூடாது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
லாஸ்பேட்டை அண்ணா சொன்னதாவது கண்ணுக்குத் தெரியும். 'மௌஸ்' என்பதில் உள்ள சிக்கல் தெரியாது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஔகாரக் குறி ஒரே எழுத்து. பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடலில் ஒன்றுதான் சிக்கும். 'கொ'வைக் கொம்பு, கால் என்று பிரித்து அடித்திருந்தால் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) முறையில் ஓட்டினால் சேர்ந்துவிடும். 'ள' உண்மையான எழுத்து என்பதால் அதை என்எஃப்சி தொடாது, தனி விதி எழுத வேண்டும். 'மவுஸ்' என்றே வைத்துவிட்டால் வேலை மிச்சம், வாயில் வருவதும் அதுதான்.

விதி எழுதுகிறவர்களுக்கு: பைத்தான் நிரல்மொழியின் 'ரீ' என்ற உரைத்தேடல் தொகுதியிடம் சொல் பிரிக்கச் சொன்னால் 'கடலூர்' என்பது 'கடல', 'ர' என்று இரண்டு துண்டாக வரும். ஊகாரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் சொல்லின் பகுதியே இல்லை. 'ரெஜெக்ஸ்' தொகுதியைத் தனியாக நிறுவிப் போட்டால் ஊர் முழுசாக வரும்.

பண்ருட்டியிலிருந்து:
தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. படக் கோப்பின் பெயரில் பிஎன்ஜி என்ற பின்னொட்டு ஆங்கிலப் பெரிய எழுத்திலும், இணைப்பில் சின்ன எழுத்திலும் இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படம் காணாமல் போகும். எழுத்தளவை மட்டும் மாற்றிப் பெயரிட்டால் விண்டோஸில் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பெரும்பாலும் கவனிக்காது. முதலில் வேறொரு பெயர், பிறகு சரியான பெயர் என்று இரண்டு தடவை மாற்றுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2006 அக்டோபர் 1 முதல் யூனியன் பிரதேசத்தின் பெயர் புதுச்சேரி. அதற்காகப் 'பாண்டிச்சேரி' எல்லாவற்றையும் கண்மூடி மாற்றாதீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் இன்னமும் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிதான். மாஹே, மாகே இரண்டும் புழங்குகின்றன, ஏனாமுக்கு 'யானம்' என்றும் எழுதுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் என்று தேடுகிறவர்களும் உண்டு. காட்டுகிற பெயர் ஒன்றாக இருக்கட்டும், மற்ற வடிவங்களைத் தேடலுக்கு மட்டும் மாற்றுப்பெயராகக் கொடுத்து வையுங்கள்.