நூறு நாள் முடித்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி? மலையிலேயே வேலை கிடைக்குமா?

கோத்தகிரி வாசகர்:
எங்க ஊராட்சியில் போன நிதியாண்டு நூறு நாள் வேலைத் திட்டத்தில் நூறு நாளும் முடித்த குடும்பங்கள் சில இருக்கு. ‘உன்னதி’ திட்டத்தில் பயிற்சியும் உதவித்தொகையும் உண்டாமே. ஒரு வீட்டில் வேலைக்குப் போன அம்மாவுக்கு 48 வயது. மகனை அனுப்பலாமா? கோவை, திருப்பூர்னு இறங்காமல் இங்கேயே பிழைக்க எந்தப் பயிற்சி எடுப்பது?

ஊராட்சிப் பணியாளர்:
அனுப்பலாங்க. 2019-20இல் வந்த திட்டம் அது. நூறு நாள் கணக்கு குடும்பத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. அந்த வீட்டில் 18 முதல் 45 வயதுக்குள் ஒருவர் சேரலாம். பயிற்சி நாளுக்கு மாநிலத்தின் நூறு நாள் கூலியே உதவித்தொகை, அதிகபட்சம் 100 நாள்.

சிக்கல் வருவது செல்போனில் படம் எடுத்துப் பதியும் வருகைப்பதிவில். சிக்னல் இல்லாத தளத்தில் எடுத்த படம் அப்புறம் ஏறாமல் போனால் அந்த நாள் விடுபடும். 99 என்று நின்றால் தகுதி போச்சு. மார்ச் முடியுமுன்பே இணையத்தில் நாள்கணக்கைப் பார்த்துவிடுங்க. வேலை அட்டை, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் மகன் பெயர் ஒரே எழுத்தில் இருக்கணும்.

குன்னூர் பயிற்றுநர்:
தீன்தயாள் கிராமப்புறத் திறன் திட்டம் சம்பள வேலைக்கானது. வேலை பெரும்பாலும் சமவெளியில்தான். ஊரிலேயே தொழில் வைக்க ஆர்செட்டி, அதாவது வங்கிகள் நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையம்: தங்கிப் படிக்கலாம், சாப்பாடு இலவசம், முடித்தபின் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள். விவசாயம் என்றால் குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் மையத்தில் கேளுங்க.

என் யோசனை, சின்ன எஞ்சின் பழுதுபார்ப்பு. தேயிலை பறிக்கும் மெஷினும் கவாத்து மெஷினும் பெருகிவிட்டன, பழுது பார்க்க ஆள் குறைவு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயில் கலக்கணும். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20. எந்த அளவென்று அந்த மெஷினின் கையேடுதான் சொல்லணும். ஆயில் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், செலவு பெரிசு. வேகம் ஏறாமல் திணறினால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்க, தூசி அடைத்திருக்கும். அப்புறம்தான் கார்புரேட்டர்.

கட்டட மேஸ்திரி:
கொத்தனார் பயிற்சியையும் விடாதீங்க. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஊரக கொத்தனாருக்கு 45 நாள், உண்மையான வீட்டைக் கட்டியே பழகுவது. தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவார்கள். மலையில் கூடுதலாகத் தெரியவேண்டியது தடுப்புச்சுவர். நீர் வடியும் துளை விட்டால் போதாது. சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பணும். மண்ணை நேரடியாகத் தள்ளினால் துளை அடைத்து, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, சுவர் முன்பக்கம் வயிறு தள்ளிச் சரியும். இதைச் சரியாகச் செய்பவரை ஒப்பந்தக்காரர்கள் தேடி வருவார்கள்.

கோத்தகிரி வாசகர்:
நன்றிங்க. நாளைக்கே நாள்கணக்கைப் பார்த்துட்டு, ஆர்செட்டியில் அடுத்த எஞ்சின் வகுப்பு எப்போன்னு கேட்கிறேன்.